புயல் அடிக்கவே இல்லை!

கே: ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ எழுதிய மார்க்கேஸைப் புலனாய்வு நிருபர் என்கிறார்களே, உண்மையா? (மன்னார்குடி வாசகர்)

ப: சத்தியமான உண்மை. அவருடைய முதல் நாவல் வெளிவந்தது 1955-ல். அதே ஆண்டு ‘எல் எஸ்பெக்டடோர்’ நாளிதழில் அவர் எழுதிய தொடர், கொலம்பியாவின் ராணுவ ஆட்சியையே நெளிய வைத்தது.

கே: அப்படி என்ன எழுதிவிட்டார்?

ப: கால்தாஸ் என்ற போர்க்கப்பலிலிருந்து எட்டு மாலுமிகள் கடலில் விழுந்தார்கள். பத்து நாள் தெப்பத்தில் கிடந்து உயிரோடு கரையேறியவர் வெலாஸ்கோ ஒருவர்தான். புயலால் வந்த விபத்து என்று அரசு கதையை முடித்துவிட்டது. மார்க்கேஸ் வெலாஸ்கோவை எதிரே உட்கார வைத்து, நாள்கணக்கில் துருவித் துருவிக் கேட்டார். புயலைக் கொஞ்சம் விவரியுங்கள் என்றால், புயலே இல்லை என்கிறார் மனிதர்! மேல்தளத்தில் அடுக்கியிருந்த ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் கடத்தல் சரக்கு. கப்பல் சாய்ந்ததும் கட்டு அறுந்து, ஆட்களையும் இழுத்துக்கொண்டு கடலில் விழுந்தன. அரசு மறுத்தது. பத்திரிகை விடவில்லை. மாலுமிகள் பயணத்தில் எடுத்த போட்டோக்களைத் தேடிப்பிடித்துப் போட்டது. சிரித்தபடி நிற்கும் பையன்களுக்குப் பின்னால் அந்தப் பெட்டிகள், கம்பெனிப் பெயரோடு!

கே: கதாசிரியர் கை பட்டால் உண்மையும் கதையாகிவிடாதா? (காரைக்குடி வாசகி)

ப: நியாயமான பயம்தான். ஆனால் நல்ல கதாசிரியர் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்தவர். தெப்பத்தைச் சுற்றிச் சுறாக்கள் தினமும் மாலை ஐந்து மணிக்குச் சரியாக வந்துவிடும். கையில் கடிகாரம் ஓடியதால் வெலாஸ்கோவுக்கு அது தெரிந்தது. இது கற்பனை இல்லை, பொறுமையாகக் கேட்டு வாங்கிய தகவல். எந்த விசாரணைக் கமிஷன் அறிக்கையிலும் இப்படியொரு வரியை நான் பார்த்ததில்லை.

கே: அந்தத் தொடருக்கு என்ன பலன் கிடைத்தது?

ப: வெலாஸ்கோவுக்குக் கடற்படை வேலை போயிற்று. சில மாதங்களில் பத்திரிகையையே மூட வேண்டி வந்தது. அப்போது ஐரோப்பாவில் இருந்த மார்க்கேஸ் சம்பளமில்லாமல் திண்டாடினார்.

கே: நோபல் வாங்கிய பிறகாவது நிருபர் வேலையை விட்டாரா?

ப: 1982-ல் நோபல். 1986-ல், மாறுவேடத்தில் சிலிக்குள் நுழைந்து படமெடுத்த திரைப்பட இயக்குநர் மிகேல் லித்தின் பற்றிய புத்தகம். சிலியை ஆண்ட பினோசேயின் ராணுவ அரசு 15,000 பிரதிகளைக் கொளுத்தியது. 1996-ல், போதைப்பொருள் கடத்தல்காரர் பாப்லோ எஸ்கோபாரின் கும்பல் நடத்திய ஆள்கடத்தல்கள் பற்றி எழுதினார். சின்ன அறையில் பல மாதங்கள் கிசுகிசுத்து மட்டுமே பேச அனுமதிக்கப்பட்ட பெண்கள் அதில் வருகிறார்கள். கிட்டத்தட்ட மூன்று வருட உழைப்பு, அறுபத்தைந்து வயதுக்கு மேல்!

கே: முதலில் எதைப் படிக்கட்டும்?

ப: அந்த மாலுமியின் கதையை. இன்றைக்கே தொடங்குங்கள்.