ஜாக்கி ஏறுகிறது, வண்டி ஏறவில்லை

2025 செப்டம்பர் 22ஆம் தேதி சின்ன கார்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக இறங்கியது. காலைக் காப்பி ஆறுவதற்குள் மச்சினன் போன் செய்துவிட்டான். "அத்தான், இனியாவது அந்தச் சவத்தைக் கொண்டு தள்ளுங்க." மத்தியானம் சகலை. சாயங்காலம் சித்தப்பா, அவர் ஜென்மத்தில் சைக்கிளைத் தாண்டி எதுவும் வாங்கியதில்லை. மூன்று பேரும் துஷ்டி கேட்க வந்தவர்கள் மாதிரிக் குரலை இறக்கிப் பேசினார்கள். சிக்கல் என்னவென்றால், எங்கள் கார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

2006இல் வாங்கிய பெட்ரோல் வண்டி. டிஎன் 74. கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர்கள் நல்ல வண்டியாகத்தான் கொடுத்தார்கள். அதற்கப்புறம் அதற்கு நேர்ந்ததெல்லாம் நம்மூர் மழையும் கடற்காற்றும் என் மச்சினனும் செய்தது. அவன் கார் ஓட்டப் பழகியதே இதில்தான். முன் பம்பரில் வலது பக்கம் உள்ள பள்ளம் ரிவர்ஸ் பழகியபோது விழுந்தது. ரிவர்ஸ் போகும்போது முன்னால் எப்படிப் பள்ளம் விழும் என்று கேட்கக் கூடாது, அவன் படித்தவன்.

எங்கள் கோட்டாறு சந்தை ஊர். அந்தக் காலத்துப் புவியியலாளர் டாலமி எழுதிவைத்த 'கொட்டியாரா' இந்த ஊர்தான் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்கிறார்கள். அது உண்மையானால் எங்கள் தெரு எலிகளும் அவ்வளவு பழைய குடும்பம். அரிசி மண்டியில் வயிறு நிறையத் தின்றுவிட்டு, பல்லைத் தீட்டிக்கொள்ள என் பானெட்டுக்குள் வரும். ஒருநாள் ஹாரனை அமுக்கினால் வைப்பர் ஓடியது. மேஸ்திரியிடம் கொண்டுபோனேன். அவர் வயரை ஒட்டிவிட்டு, ஒரு பொட்டலம் புகையிலையை எஞ்சின் பக்கத்தில் கட்டித் தொங்கவிட்டார். "எலி அண்டாது, கேட்டியளா." சில நாளில் எலியைக் காணோம். புகையிலையையும் காணோம். அடுத்த வாரம் எலி திரும்பி வந்தது, புகையிலையைத் தேடி.

இதற்கு உள்ளபடியே பலித்த வைத்தியம் ஒன்றுதான்: வண்டியைத் தினமும் கொஞ்ச தூரமாவது எடுப்பது, இரவில் பானெட்டைத் திறந்தே வைப்பது. இருட்டும் கதகதப்பும் இல்லாத இடத்தில் எலி குடித்தனம் வைக்காது. இதன் பக்கவிளைவு, தெருவில் போகிற ஒவ்வொருவரும் நின்று "என்ன அண்ணாச்சி, வண்டி படுத்துட்டா?" என்று கேட்பது. நான் "இல்லை, காத்து வாங்குது" என்பேன்.

மேஸ்திரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்டேஷன் போகிற வழியில் ஒரு வேப்ப மரத்தடியில் பட்டறை. வண்டி ஓடும் சத்தத்தைக் கேட்டே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். என்ன செலவாகும் என்பதை மட்டும் கடைசிவரை சொல்ல மாட்டார். அவருடைய சித்தாந்தம் இது: "எஞ்சின் சாகாது அண்ணாச்சி. நம்ம ஊர்ல வண்டி சாவது அடியில இருந்தாக்கும்."

நான் இதைத் தத்துவம் என்று நினைத்திருந்தேன். சவேரியார் கோயில் திருவிழாவுக்குக் கொஞ்சம் முன்னால், பின் பக்க வலது டயர் பஞ்சரானது. மேஸ்திரி ஜாக்கியைக் கதவுக்கு அடியில், வைக்க வேண்டிய இடத்தில் வைத்துத் திருகினார். ஜாக்கி ஏறியது. வண்டி ஏறவில்லை. இன்னும் திருகினார். கறுக்கு முறுக்கென்று ஒரு சத்தம். பழுப்பு நிறத்தில் சருகு சருகாய் என்னவோ கொட்டியது. டயர் தரையிலேயே இருந்தது. ஜாக்கி மட்டும் பாதிக்கு மேல் வண்டிக்குள் போய்விட்டது. அவர் ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்துப் பக்கத்துத் தகட்டில் குத்தினார். கைப்பிடி வரைக்கும் இறங்கியது.

"ஓட்டை முன்னமே இருந்ததா, நீரு போட்டீரா?" என்றேன்.

"தகடு இருந்தாத்தான ஓட்டை போட முடியும். இது பெயிண்டாக்கும் அண்ணாச்சி. இவ்வளவு நாளும் பெயிண்டு மேல இருந்து ஓட்டிருக்கிய."

எங்கள் மாவட்டத்துக்கு மழை ஒரு தடவையோடு விடாது. ஆனி ஆடியில் சாரல், ஐப்பசி கார்த்திகையில் அடைமழை. நடுவில் ஞாயிற்றுக்கிழமை என்றால் சொத்தவிளை, சங்குத்துறை என்று கடற்கரையில் கொண்டுபோய் நிறுத்துகிறோம். வீட்டுக்கு வந்து வண்டியின் தலையைத் துடைக்கிறோம்; கண்ணாடியைப் பளபளக்க வைக்கிறோம். உப்பு உட்கார்ந்திருப்பது அடியில். கடற்கரை போய்வந்த அன்றைக்கே நல்ல தண்ணீரை அடிப்பக்கம் பீய்ச்சி விட்டால் போதும், ஆயிரக்கணக்கில் மிச்சம். அதே மாதிரி ஒவ்வொரு கதவின் கீழ் விளிம்பிலும் சின்னச் சின்ன ஓட்டை இருக்கும். கண்ணாடி வழியாக உள்ளே இறங்கும் மழைத்தண்ணீர் வெளியேறும் வழி. மண்ணும் இலைத்தூளும் அதை அடைத்துக்கொள்ளும். ஒரு ஈர்க்குச்சியால் குத்திவிட்டால் ஆயிற்று. முன் கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கிற பள்ளத்திலும் வேப்பிலை சேர்ந்து, தண்ணீர் போக வழியில்லாமல் டிரைவரின் காலடிக்கு வரும். எங்கள் வண்டியில் மிதியடிக்குக் கீழே ஏதோ முளைத்திருந்தது. மனைவி பார்த்துவிட்டு, கீரையா என்று விசாரித்தாள்.

மற்றவை சில்லறை. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது உயிருக்கு நல்லது. ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீரை ஊற்றினால் உள்ளே உப்புப் படியும், கூலன்ட் ஊற்றுங்கள். டயரில் கட்டை இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2317 என்றால் 2017ஆம் வருடம் 23ஆவது வாரத்தில் செய்தது. கட்டை எவ்வளவு இருந்தாலும் அந்த ரப்பர் இப்போது கல்.

பெட்ரோல் விஷயமும் உண்டு. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. 2006 வண்டியை அதை நினைத்துச் செய்யவில்லை. உள்ளே உள்ள ரப்பர் குழாய்களும் வாஷர்களும் மெல்ல இளகும், வெடிக்கும். இருபதை நெருங்கும்போது வண்டிக்குக் குடிப்பழக்கம் வந்துவிட்டது. பெட்ரோல் வாடை அடித்தால் சும்மா விடாமல் குழாயை மாற்றிவிடுங்கள் என்று மேஸ்திரி சொல்கிறார். இதில் அவர் சிரிப்பதில்லை.

மச்சினன் டெல்லியைக் காட்டினான். "அங்க பத்து வருஷத்து டீசல் வண்டியும் பதினஞ்சு வருஷத்துப் பெட்ரோல் வண்டியும் ஓடப்பிடாதுன்னு வச்சிருக்கான், தெரியுமா?" தெரியும். டெல்லிப் புகைக்கு வைத்த தடை அது. நமக்கு 15 வருடம் முடிந்ததும் வண்டியை ஆர்டிஓவிடம் காட்டி, ஐந்தைந்து வருடமாகப் பதிவை நீட்டிக்கொள்ளலாம். பசுமை வரி தனி. காருக்கு மத்திய அரசுக் கட்டணம் முன்பு 600 ரூபாய். 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில், 20 வயது தாண்டிய கார் என்றால் 10,000 என்று வைத்துவிட்டார்கள். என் வண்டியை விட அதன் பதிவுக் கட்டணத்துக்கு வளர்ச்சி அதிகம்.

அப்படியும் கணக்கு பழைய வண்டிப் பக்கம்தான் நின்றது. புது வண்டிக்கு 5 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 5 வருடம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 10,400 ரூபாய். வருடத்துக்கு ஒன்றேகால் லட்சம். எந்தக் கெட்ட வருடத்திலும் மேஸ்திரி என்னிடம் அவ்வளவு வாங்கியதில்லை. ஆனால் தவணை சத்தமில்லாமல் பேங்கிலிருந்து போய்விடும். மேஸ்திரிக்குக் கையில் எண்ணிக் கொடுக்க வேண்டும், அதுவும் மனைவி பார்க்க. பழைய கார்களில் பாதி விற்றுப்போவது இந்த ஒரு காரணத்தால்தான் என்பது என் அபிப்பிராயம்.

கணக்கைக் கவிழ்த்தது அடித்தகடு. எஞ்சின் வேலை என்றால் சாமான் மாற்றலாம். துரு பிடித்த தகட்டை வெட்டி எடுத்து வேறு தகடு வைத்து வெல்டிங் அடித்தால், துரு பக்கத்து வீட்டுக்குக் குடிபோகும். இடித்தால் நம்மைக் காக்க வேண்டிய இடமும் அதுதான். அதனால் விற்பதா வைப்பதா என்று யாராவது கேட்டால், நான் மைலேஜைக் கேட்பதில்லை. பட்டறைக் குழிமேல் ஏற்றி, கீழே போய் நின்று, ஸ்குரூ டிரைவரால் குத்திப் பார்க்கச் சொல்வேன். இறங்கவில்லை என்றால் வைத்துக்கொள்ளுங்கள், யார் போன் செய்தாலும்.

சரி, மாற்று வண்டி. முதலில் செகண்ட் ஹாண்ட் பார்த்தோம். திருவனந்தபுரத்தில் விலை மலிவு என்று ஆசை காட்டினார்கள். கேரளா வண்டிக்கு அங்கே தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி, நம்பர் மாற்றி முடிப்பதற்குள் மலிவெல்லாம் போய்விடும். ஒரு புரோக்கர் பளபளவென்று ஒரு வண்டியைக் கொண்டுவந்தார். "ஒரே டாக்டர் ஓட்டினது சாரே." எல்லாப் பழைய வண்டியையும் ஒரே டாக்டர்தான் ஓட்டியிருப்பார், அந்த டாக்டர் நோயாளியை எப்போது பார்த்தாரோ. மேஸ்திரி எஞ்சினைத் திறக்கவே இல்லை. பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, சீட் பெல்ட்டைக் கடைசி முழம் வரை இழுத்தார். சாதாரணமாக யாரும் இழுக்காத அந்தக் கடைசி முழத்தில் செம்மண் நிறத்தில் ஒரு கோடு. சீட்டுக்கு அடியில் போல்ட்டெல்லாம் துரு. 2023 டிசம்பரில் சென்னையும் முங்கியது, அதே மாதம் நெல்லை, தூத்துக்குடியும் முங்கின. எங்கோ முங்கிய வண்டி குளித்துப் பவுடர் போட்டுக் கோட்டாற்றுக்கு வந்திருக்கிறது. புரோக்கர், "டாக்டர் மழையில ஓட்டிருப்பாரு" என்றார்.

பிறகு ஷோரூம். விற்பனைக்கு நின்ற பையன் 'பூட் ஸ்பேஸ் இத்தனை லிட்டர்' என்று சொன்னான். எங்களுக்கு லிட்டர் பிடிபடாது. மகளை மார்த்தாண்டத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். வருடா வருடம் பொங்கல்படி கொண்டுபோக வேண்டும். "ஒரு ஏத்தங்குலை வளையாம படுக்குமா? அது பக்கத்துல அரிசிச் சாக்கு, மஞ்சக்குலை, பானை. கரும்பு ஜன்னல் வழியா நீட்டிக்கிடலாம்" என்றாள் மனைவி. பையன் கையேட்டைப் புரட்டினான். அதில் ஏத்தங்குலை இல்லை. பெட்ரோலா, மின்சாரமா என்று ஒரு விவாதம் நடந்தது. எங்கள் வீட்டில் கார் நிற்பது தெருவில். மாடியிலிருந்து வயரைத் தொங்கவிட்டு சார்ஜ் போட்டால், எலிகளுக்கு என்னவாகும் என்று மனைவி கவலைப்பட்டாள். பாரத் என்கேப் என்று 2023 அக்டோபரிலிருந்து நம் நாட்டிலேயே இடித்துப் பார்த்து நட்சத்திரம் கொடுக்கிறார்கள். அதை மட்டும் நான் விடாப்பிடியாகக் கேட்டேன். பெயிண்டு மேல் உட்கார்ந்து ஓட்டியவனுக்கு அந்த ஞானம் வந்துவிடும்.

மச்சினனுக்கு எஸ்யூவிதான் வேண்டும். வாங்கப்போவது நான், ஆனாலும் அவனுக்கு வேண்டும். ஓட்டிப் பார்க்க ஒன்றைக் கொடுத்தார்கள். அவனே ஸ்டியரிங்கைப் பிடித்து, சந்தைக் கம்போளம் வழியாக எங்கள் தெருவுக்கு விட்டான். மாருதி 800இன் அகலம் 1,440 மில்லிமீட்டர். இப்போது நான்கு மீட்டர் நீளத்துக்குள் வரும் எஸ்யூவிகளில் சில 1,790. ஒரு அடிக்கு மேல் கூடுதல், பக்கக் கண்ணாடியைச் சேர்க்காமல். 1,440 காலத்தில் போட்ட தெருக்கூட இல்லை எங்களுடையது, மாட்டுவண்டி காலத்தது. திருப்பத்தில் ஒரு லாரி அரிசி இறக்கிக்கொண்டிருந்தது. முன்னாலும் போக முடியவில்லை, கதவையும் திறக்க முடியவில்லை. மூட்டையோடு வந்த லோடுமேன் பானெட்டில் தட்டி, "மக்கா, வீட்ட இடிச்சுட்டு வா, பொறவு வண்டி வாங்கலாம்" என்றார். ஏசி மட்டும் நன்றாக வேலை செய்தது.

1,600 சொச்சம் அகலத்தில் ஒன்றைப் பதிவு செய்திருக்கிறோம். மனைவிக்கு நிறம் கொள்ளாம். மச்சினன் என்னோடு பேசுவதில்லை, அது தனி லாபம்.

பழையதற்கு ஷோரூமில் சொன்ன எக்ஸ்சேஞ்ச் விலையும் பழைய இரும்பு எடுக்கும் ஆக்கர் கடைக்காரர் எடைக்குச் சொன்ன விலையும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. ஆக்கர் கடையில் தள்ளிவிட்டு வந்தால் ஆர்சி நம் பெயரிலேயே நிற்கும். அந்த நம்பரில் எவன் என்ன செய்தாலும் போலீஸ் நம் வாசலுக்குத்தான் வரும். அரசு பதிவு பெற்ற இடத்தில் கொடுத்து ஒப்படைப்புச் சான்று வாங்கினால், ஆர்சியை முறைப்படி ரத்து செய்யலாம், புது வண்டிக்குச் சலுகையும் உண்டு. அந்த வழியில் போவதாக முடிவு. மேஸ்திரியிடம் சொல்லப் போனேன். வருத்தப்படுவார் என்று கொஞ்சம் பயந்தேன்.

"நல்லது அண்ணாச்சி. என்னைக்குக் குடுக்கிய?"

"அடுத்த வாரம்."

"அப்ப பேட்டரியையும் முன் டயர் ரெண்டையும் நான் கழத்திக்கிடுதேன். செட்டிகுளத்துல ஒரு அண்ணாச்சி இதே மாடல் வச்சிருக்காரு. எடையில குறைஞ்சா குறையட்டு, என்ன?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, ஜாக்கியை எங்கே வைப்பது என்று வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.