யார் படத்துக்கு எத்தனை ஏக்கர்?

சிங்கப்பூரில் என் அக்கா வீட்டில் அரசியல் பேசலாம், சாமியைப் பற்றிப் பேசலாம், சொத்துத் தகராறைக்கூடப் பேசலாம். எந்தக் கார்ட்டூன் படத்துக்குத் தீம் பார்க்கில் இடம் கொடுக்க வேண்டும் என்று மட்டும் வாயைத் திறந்துவிடக் கூடாது. திறந்தால் ரசம் ஆறும், அப்பளம் நமுக்கும், பிள்ளைகள் ஆளுக்கொரு கட்சி கட்டிவிடுவார்கள்.

பெரியவனுக்குப் பதினாறு வயது, கணக்கில் புலி. வசூல்தான் தகுதி என்பது அவன் கட்சி. எந்தப் படம் அதிகம் சம்பாதித்ததோ அதற்கே அதிக ஏக்கர். சின்னவளோ, எந்தப் படம் அதிகம் அழவைத்ததோ அதற்குத்தான் முதலிடம் என்பாள். எதைக் கட்டினாலும் பக்கத்தில் பாத்ரூம் இருந்தால் போதும் என்பது அக்காவின் நிலைப்பாடு. அத்தான் கருத்தே சொல்வதில்லை. வற்புறுத்தினால், "ஏசி உண்டா?" என்பார்.

நான் ஊரிலிருந்து போன விருந்தாளி. ராட்டினத்தை அண்ணாந்து பார்த்தாலே எனக்குத் தலை சுற்றும். ஏறாதவனுக்குத்தான் யோசிக்க நேரம் கிடைக்கிறது. எல்லாருடைய பைகளையும் தண்ணீர் பாட்டில்களையும் கீழே காவல் காத்தபடி நான் வகுத்த கோட்பாடு இது: படம் நல்ல படமா, ஓடிய படமா என்பதெல்லாம் அப்புறம். அந்தப் படத்துக்குள் உட்கார ஏதாவது இருக்கிறதா? அதை முதலில் சொல்லுங்கள்.

'தி லயன் கிங்'கை எடுத்துக்கொள்ளுங்கள். 1994இல் வந்து உலகத்தையே அழவைத்த படம். 1997இல் பிராட்வே மேடைக்குப் போய் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. வசூல் கட்சியும் கண்ணீர்க் கட்சியும் சேர்ந்து ஓட்டுப் போடக்கூடிய ஒரே வேட்பாளர். ஆனால் டிஸ்னி பூங்காக்களில் அதற்கு மேடை நிகழ்ச்சிகள் வந்தனவே தவிர, பெரிய சவாரி என்று ஒன்று முப்பது வருஷமாக வரவில்லை. ஏன்? அந்தப் படத்தில் எல்லாரும் நடக்கிறார்கள். ராஜாவே நடக்கிறார். கடைசியில் 2024இல், பாரிஸில் தண்ணீரில் சறுக்கி விழும் படகுச் சவாரி ஒன்று கட்டப்போவதாக அறிவித்தார்கள். சிம்பா படகேறியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

"அதெல்லாம் பரவாயில்ல மாமா. 'ஃப்ரோஸன்' சவாரியும் படகுதானே?" என்றான் பெரியவன்.

படகுதான். ஃப்ளோரிடாவின் எப்காட் பூங்காவில் நார்வே நாட்டுக்கு ஒரு பகுதி உண்டு. அங்கே 1988 முதல் கடல்வீரர்களையும் பூதங்களையும் காட்டிக்கொண்டிருந்த ஒரு சவாரியை 2014இல் மூடினார்கள். அதே வாய்க்கால், அதே படகு. உள்ளே இருந்தவர்களை மட்டும் மாற்றி 2016இல் எல்சாவைக் குடிவைத்தார்கள். வசூலுக்குக் கிடைத்த மரியாதை என்று பெரியவன் சொல்வதில் தப்பில்லை. ஆனால் ஒன்று: அந்தப் படத்தில் எல்சாவின் அப்பா அம்மா கப்பலேறித் தூரப் பயணம் போனார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. இது தெரிந்தும் மக்கள் குழந்தை குட்டியோடு வரிசையில் நிற்கிறார்கள்.

என் கோட்பாட்டின் செல்லப்பிள்ளை 'கார்ஸ்'. பிக்ஸார் ரசிகர்கள் படங்களைத் தரவரிசைப்படுத்த உட்கார்ந்தால், 2006இல் வந்த இந்தப் படம் மேல் வரிசைக்கு வருவது அபூர்வம். அழுகை குறைவு, தத்துவம் குறைவு. ஆனால் படம் முழுக்க இருப்பது வெறும் கார்! இருக்கை செய்ய வேண்டிய வேலையே இல்லை. 2012இல் கலிஃபோர்னியாவில் அந்தப் படத்தின் சிற்றூரை அப்படியே கட்டினார்கள். பின்னால் தெரியும் பாறை முகடுகளைப் பழைய காடிலாக் காரின் வால் துடுப்பு மாதிரி செதுக்கியிருக்கிறார்கள். பொழுது சாய்ந்ததும் கடைத்தெருவில் நியான் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக உயிர் பெறும். சவாரியில் காருக்கு ஆறு பேர். முதலில் ஊருக்குள் மெதுவாகச் சுற்றிக் காட்டிவிட்டு, திடீரென்று இன்னொரு காரோடு இணையாக நிறுத்தி, பந்தயம் என்று விரட்டிவிடுவார்கள். படத்தைத் திட்டியவனும் பக்கத்துக் காரைப் பார்த்துக் கத்துகிறான். அந்த வெற்றி தந்த துணிச்சலில் ஃப்ளோரிடாவிலும் கார்களைக் குடியேற்ற, 1971 முதல் இருந்த ஒரு செயற்கை ஆற்றை 2025இல் மூடினார்கள். ரசிகர்கள் கொதித்தார்கள். நீர்நிலையைத் தூர்த்துப் பட்டா போடுவது இவ்வளவு பெரிய அதிர்ச்சியா என்று ஒரு தமிழனாக எனக்கு வியப்பாக இருந்தது.

இந்தப் பட்டா மாறுதல் விவகாரம் அங்கே பழைய கதை. ஃப்ளோரிடாவில் மிஸ்டர் டோட் என்கிற தேரைக்கு ஒரு சவாரி இருந்தது. மனம்போனபடி கார் ஓட்டி, ரயிலில் மோதி, நேரே நரகத்துக்குப் போகிற சவாரி. மூலப் படத்தில் நரகக் காட்சியே கிடையாது. யாருக்கோ தோன்றியிருக்கிறது, கட்டிவிட்டார்கள். 1998இல் அதை மூடிவிட்டு வின்னி த பூ கரடிக்கு இடத்தைக் கொடுத்தபோது, ரசிகர்கள் சட்டையில் வாசகம் அச்சடித்துப் போட்டுக்கொண்டு போராடினார்கள். பயனில்லை. ஆனால் கரடியின் சவாரிக்குள், ஆந்தை வீட்டுச் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறது: தேரையார் பத்திரத்தை ஆந்தையிடம் ஒப்படைக்கிறார். வில்லங்கச் சான்றிதழ் மாதிரி, எல்லாரும் பார்க்கும்படி.

சிங்கப்பூரிலும் அதே கதைதான். செந்தோசாவின் யுனிவர்சல் ஸ்டூடியோஸில் மடகாஸ்கர் பகுதி போய், 2025 பிப்ரவரியில் மினியன் லேண்ட் வந்தது. டெஸ்பிக்கபிள் மி, மினியன்ஸ் படங்கள் சேர்ந்து 500 கோடி டாலர் வசூலைத் தாண்டிவிட்டன என்பதால், பெரியவனுக்கு இது இயற்கை நீதி. அத்தானுக்கு இழவு. மடகாஸ்கரின் படகுச் சவாரி மெதுவானது, இருட்டானது, குளுகுளு என்றிருக்கும். வெளியே வெயில் பிளக்கும்போது அவர் அதில் ஏறி, சிங்கமும் வரிக்குதிரையும் கரையில் ஆட ஆட, நிம்மதியாகக் கண்ணயர்வார். இறங்கியதும் மறுபடி வரிசை.

"அந்தப் படத்த நீங்க பாத்ததே இல்லையேப்பா," என்றாள் சின்னவள்.

"படத்துல தூங்க முடியாதும்மா, சத்தம்."

அத்தானைச் சிரித்து ஒதுக்கலாம். ஆனால் அவர் பக்கம் சாட்சிகள் வலுவானவை. 1946இல் வந்த 'சாங் ஆஃப் தி சவுத்' படத்தைப் பாருங்கள். கறுப்பின மக்களைக் காட்டிய விதத்துக்காகக் கடும் கண்டனம் வாங்கி, அமெரிக்காவில் வீட்டில் பார்க்க வீடியோவாகக்கூட டிஸ்னி வெளியிடாத படம் அது. ஆனால் அதிலிருந்த முயலை வைத்து 1989இல் கட்டிய ஸ்ப்ளாஷ் மவுன்டன், கலிஃபோர்னியாவில் 2023 வரை கூட்டத்தை அள்ளியது. படத்தையே பார்க்காத ஒரு தலைமுறை அதன் சவாரியில் நனைந்து வளர்ந்தது. இப்போது அதே அருவியில் இன்னொரு டிஸ்னி படத்தின் டியானா இளவரசி. விழுகிற உயரம் மாறவில்லை. விழுகிற காரணம்தான் மாறியிருக்கிறது.

இருக்கை கொடுத்தால் போதுமா, அதில் உட்காருகிறவர் யார் என்று சொல்ல வேண்டாமா? 1955இல் டிஸ்னிலேண்டில் ஸ்னோ ஒயிட்டுக்கு ஒரு சவாரி திறந்தார்கள். உள்ளே குள்ளர்கள் உண்டு, சூனியக்காரி உண்டு, ஸ்னோ ஒயிட் மட்டும் இல்லை. ஜனங்கள் வெளியே வந்து, "அந்தப் பொண்ணு எங்கே?" என்று கேட்டார்கள். நீங்கள்தான் அந்தப் பெண் என்பது வடிவமைத்தவர்களின் எண்ணம். தொப்பை வைத்த எத்தனை அப்பாக்கள், தாங்கள் ஸ்னோ ஒயிட்டாக இருந்துவிட்டு வந்தது தெரியாமலே வீடு திரும்பினார்களோ! 1983இல் ஒரு பொம்மையை உள்ளே வைத்துக் குழப்பத்தைத் தீர்த்தார்கள்.

பாரிஸில் 'ராட்டடூயி'க்கு 2014இல் கட்டியபோது இந்தச் சங்கடமே இல்லை. வண்டியே எலி. தண்டவாளம் இல்லாமல் வளைந்து வளைந்து ஓடும் எலி. ஹோட்டல் கூரையிலிருந்து சமையலறைக்குள் விழுந்து, வீடு மாதிரி பெரிய மீன்களுக்கு நடுவே குளிர்பதன அறைக்குள் ஓடி, அனலடிக்கும் அடுப்புக்கு அடியில் நுழைந்து, சமையல்காரரிடமிருந்து தப்ப வேண்டும். இதை நான் ரசித்து விளக்கிக்கொண்டிருந்தபோது அக்கா குறுக்கிட்டாள்.

"ஏன்டா, பணம் கட்டி எலியாகணுமா? இங்க நான் எலி வந்தா டவுன் கவுன்சிலுக்கு ஃபோன் போடுறேன்."

சின்னவள் கடைசி அஸ்திரமாக கிப்லி கார்ட்டூன் ஸ்டூடியோவை எடுத்தாள். ஜப்பானில் நாகோயா பக்கத்தில் 2022இல் திறந்த கிப்லி பூங்காவில் தடதடக்கும் ரோலர் கோஸ்டரெல்லாம் கிடையாது. காட்டுக்குள் நடக்கலாம், 'டோட்டோரோ' வீட்டு அலமாரியைத் திறந்து பார்க்கலாம், அவ்வளவுதான். அதற்கும் கூட்டம். "இப்ப சொல்லுங்க மாமா, உக்கார என்ன இருக்கு அங்க?"

இருக்கிறதே! 'ஸ்பிரிட்டட் அவே'யில் முகமூடி உருவம் உட்கார்ந்து போகுமே, அந்த ரயில் பெட்டி. அதன் பக்கத்தில் ஓர் இடம் காலியாக விட்டிருக்கிறார்கள். ரயில் ஓடாது, ஆடாது, எங்கும் போகாது. அதில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள ஜனங்கள் வரிசை கட்டுகிறார்கள். என் கோட்பாடு ஒரு சுற்று பெருத்தது.

சின்னவள் கொஞ்ச நேரம் அப்பளத்தைக் கடித்தபடி யோசித்தாள். "அப்ப 'அப்' படத்துக்கு ஒண்ணு கட்டலாம்."

"பலூன் வீடுதானே? கஷ்டம்," என்றான் பெரியவன்.

"வீடு வேணாம். மாடிப்படில அந்தத் தாத்தா உக்காந்து இறங்குவாரே, அந்த நாற்காலி."

கைப்பிடியோரம் பொருத்திய மின்சார நாற்காலி. கிழவர் அதில் உட்கார்ந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாக இறங்குவார். படத்தில் உள்ளது, உட்காரலாம், நகரவும் செய்கிறது. அக்காவும் நானும் ஆமோதித்தோம். பெரியவன் மட்டும் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பேரை இறக்க முடியும் என்று கைபேசியில் கணக்குப் போட ஆரம்பித்தான். நஷ்டம் வரும் என்றான்.

அத்தான் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "மேல ஏறும்போதும் உக்காந்தேதான போகலாம்?"