நான்கு ஜனாதிபதிகள், ஒரு வீடு

எங்கள் சிட்லபாக்கம் வீடு நான்கு ஜனாதிபதிகளிடம் அடமானத்தில் இருந்தது. ஜெயில் சிங் காலத்தில் வைத்தது, ஆர். வெங்கட்ராமன், சங்கர் தயாள் சர்மா இருவரையும் தாண்டி, கே.ஆர். நாராயணன் காலத்தில்தான் மீண்டது. கதை விடவில்லை. அப்பா தபால் துறையில் இருந்தார். மத்திய அரசு ஊழியர் வீடு கட்ட முன்பணம் வாங்கினால், அடமானப் பத்திரம் இந்திய ஜனாதிபதி பெயருக்குத்தான் எழுதப்படும்.

பத்திர எழுத்தர் அந்த வரியை உரக்க வாசித்தபோது அம்மாவுக்கு உயிரே போய்விட்டது. வீட்டை அடமானம் வைப்பதே மானக்கேடு, அதுவும் டெல்லி வரைக்கும் தெரியும்படியா? அக்கம்பக்கத்தில் மூச்சு விடக்கூடாது என்று எங்களுக்கு உத்தரவு. 1987 ஜூலையில் வெங்கட்ராமன் பதவியேற்ற பிறகுதான் கொஞ்சம் தெளிந்தாள். "பட்டுக்கோட்டைப் பக்கத்து மனுஷர். நம்ம வீட்டையெல்லாம் ஏலம் போட மாட்டார்."

பணம் ஒரே மூச்சில் வராது. மனைக்கு ஒன்று, அடித்தளம் எழும்பினால் ஒன்று, சுவர் கூரை மட்டம் தொட்டால் இன்னொன்று. எங்கள் வீடு கூரை மட்டத்தைத் தொட்டுவிட்டு, 'தொட்டது' என்று சொல்லும் சான்றிதழுக்காக ஒரு மழைக்காலம் முழுக்க நனைந்துகொண்டு நின்றது. கொத்தனார் காத்திருப்பாரா? அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி சேட்டுக் கடைக்குப் போனது. அந்த அடமானத்தில் ஜனாதிபதிக்குச் சம்பந்தமில்லை.

அந்தக் கடனில் ஒரு விசேஷம் உண்டு. மாதாமாதம் சம்பளத்தில் பிடிப்பது முதலில் அசலுக்குப் போகும். அசல் முழுக்கத் தீர்ந்த பிறகுதான் வட்டியைப் பிடிக்க ஆரம்பிப்பார்கள். அதுவும் தனி வட்டி, வட்டிக்கு வட்டி கிடையாது. எல்லாக் கடனும் இப்படித்தான் இருக்கும் என்று நம்பியே அப்பா 1999இல் ஓய்வு பெற்றார். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன், 1997 வரைக்கும்.

அந்த வருஷம் மடிப்பாக்கத்தில் ஃபிளாட் வாங்க ஒரு தனியார் வீட்டுக்கடன் நிறுவனத்துக்குப் போனேன். 4 லட்சம், பதினைந்தரை சதவீதம், 15 வருஷம். மாதத் தவணை 5,839 ரூபாய். போதாக்குறைக்கு வருஷாந்திரக் கணக்கு. அதாவது ஏப்ரலில் நான் கட்டும் பணம் மார்ச் வரை அவர்கள் பெட்டியில் சும்மா கிடக்கும். வருஷக் கடைசியில்தான் அசலில் கழிப்பார்கள். முதல் வருஷம் 70,000 சொச்சம் கட்டினேன். அசலில் குறைந்தது 8,000 சொச்சம். கடன்காரனாக இருந்தும் எனக்கு வெட்கமாக இல்லை. அலுவலகத்தில் நாலு பேரிடம் "லோன் சாங்ஷன் ஆயிடுச்சு" என்று சொல்லி ஸ்வீட் கொடுத்தேன். அம்மா காலத்துக்கும் என் காலத்துக்கும் நடுவில் கடன் வெளியில் சொல்லக்கூடிய சமாச்சாரமாகிவிட்டிருந்தது.

2003இல் ஊரெல்லாம் 8 சதவீதத்துக்குக் கடன் கொடுத்தார்கள், புதிதாக வருபவர்களுக்கு மட்டும். பழைய ஆளான என்னிடம் பதினைந்தரைதான். வட்டி ஏறினால் அன்றைக்கே வந்து சேரும், இறங்கினால் தபாலில் வரும் என்பது அந்தக் காலத்து நடைமுறை. தபால்காரர் வீட்டுப் பிள்ளையான நான் பொறுமையாகக் காத்திருந்தேன். என் மனைவி காத்திருக்கவில்லை. தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்புறம் கணக்குப் போட்டாள்: 4 லட்சத்துக்கு மேல் கட்டியும் பாக்கி 3,28,000. வேறு வங்கிக்கு மாற்றினால் இவர்கள் கேட்கும் அபராதம் 2 சதவீதம், 6,500 சொச்சம். முதல் வருஷத்தில் மட்டும் மிச்சமாகும் வட்டி 24,000க்கு மேல். "இதுக்கு நல்ல நாள் வேற பார்க்கணுமா?" என்றாள்.

கடனை மாற்றுவது பற்றி நான் அறிந்தது முழுக்க அந்தக் காலண்டர் தாளில் இருக்கிறது. பாக்கி பெரிதாகவும் காலம் நீளமாகவும் இருக்கும்போது மாற்றினால் லாபம். கடைசி நாலைந்து வருஷத்தில் தவணையில் பெரும்பங்கு அசல்தான். அப்போது அரை சதவீதத்துக்காக வங்கி வங்கியாக ஏறி இறங்குவது பஸ் காசுக்குப் பிடித்த கேடு. பரிசீலனைக் கட்டணம், வக்கீல் கட்டணம், பத்திரங்களை ஒப்படைத்ததைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மறுபடி பதியும் செலவு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும். இன்றைக்கு அபராதம் ஒன்று குறைவு: தனிநபர்களின் மிதக்கும் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கிகள் தண்டம் வசூலிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012இல் சொல்லிவிட்டது. 2019 அக்டோபரிலிருந்து வங்கிகளின் புதிய மிதக்கும் வட்டிக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டிருக்கின்றன. இறக்கம் இப்போது தபாலில் வருவதில்லை. ஏற்றமும்தான்.

அதை அனுபவித்தவள் என் மகள். 2021இல் பெரும்பாக்கத்தில் ஃபிளாட். 30 லட்சம், 20 வருஷம், 6.7 சதவீதம், தவணை 22,722. இவ்வளவு மலிவாக யாரும் கொடுத்ததில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4இலிருந்து 6.5க்குப் போனது, அவள் வட்டி 9.2 ஆனது. தவணை மட்டும் அதே 22,722. வங்கி பெருந்தன்மையாகத் தவணையை ஏற்றாமல் காலத்தை நீட்டியிருந்தது. பாக்கி 29 லட்சத்துக்கு ஒரு மாத வட்டியே 22,200க்கு மேல். மிச்சம் ஐந்நூறு ரூபாய்க்கும் குறைவுதான் அசலுக்கு. அந்த வேகத்தில் போனால் கடன் தீர 40 வருஷத்துக்கு மேல் ஆகும். மகளுக்கு எழுபது வயதாகியிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் செல்போனில் இருந்த தவணை அட்டவணையை அப்பா வாங்கிப் பார்த்தார்.

"முதல் மாசம் அசல் 5,972. மீதி என்னம்மா?"

"வட்டி தாத்தா."

"அசலே தீரலையே, அதுக்குள்ள ஏது வட்டி?"

இதற்கு எங்கள் மூவரில் யாராலும் அவருக்குப் புரியும்படி பதில் சொல்ல முடியவில்லை. என் மனைவி மறுபடி ஒரு காலண்டர் தாளைக் கிழித்தாள். பழைய காலக்கெடுவுக்குள் தீர வேண்டுமானால் தவணை 27,000 சொச்சம். மகள் அப்படியே மாற்றிக்கொண்டாள். தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா என்று கடன்காரரையே கேட்க வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் உத்தரவு 2023 ஆகஸ்டில் வந்தது. 2025இல் ரெப்போ படிப்படியாக 5.25க்கு இறங்கியபோது வங்கி தவணையைக் குறைக்கவா என்று பவ்யமாகக் கேட்டது. "வட்டி குறைஞ்சா தவணையைக் குறைக்காதே, வருஷத்தைக் குறை" என்பது மாமியாராகப் போகிற என் மனைவியின் கண்டிப்பான உத்தரவு.

வீட்டை எப்போது வாங்குவது, எப்போது விற்பது? அப்பாவுக்கு இதில் குழப்பமே இருந்ததில்லை. ஆடியிலும் மார்கழியிலும் வாங்கக் கூடாது, விற்கவே கூடாது. விற்றவர்களைப் பற்றி எங்கள் தெருவில் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். இப்போது ஆடி பிறந்தால் பில்டர்கள் தள்ளுபடி விளம்பரம் கொடுக்கிறார்கள், தரகர்களுக்கோ பன்னிரண்டு மாதமும் வைகாசி. விற்றுவிட்டுப் பெரிதாக வாங்கலாமே என்று மகளிடம் ஒருவர் ஓதினார். பழைய வீடு வாங்கினால் முத்திரைத்தாள் 7, பதிவு 2, ஆக 9 சதவீதம் அரசாங்கத்துக்கு. விற்ற லாபத்துக்கு வரி தனி. ஐந்தாறு வருஷம் குடியிருக்கும் எண்ணமில்லாமல் வாங்குபவர் வாடகையில் இருப்பதே மேல் என்பது என் கட்சி.

போன மாதம் சிட்லபாக்கம் வீட்டுக்கே ஒரு பில்டர் வந்துவிட்டார். ஒரு கிரவுண்டு மனை, ஜாயின்ட் வென்ச்சர், பாதிக்குப் பாதி, எட்டு ஃபிளாட் எழுப்பலாம் என்றார். அப்பாவுக்கு 86 வயது. வரைபடத்தை விரித்துக் காட்டியதெல்லாம் அவர் கண்ணில் படவில்லை.

"தம்பிக்குக் கடன் ஏதும் இருக்கா?" என்று கேட்டார்.

"பிராஜெக்ட் ஃபண்டிங் மட்டும் நாப்பது கோடி ஓடுதுங்க ஐயா" என்றார் பில்டர், நிமிர்ந்து உட்கார்ந்து.

அப்பா உள்ளே திரும்பி, "பாவம், பிள்ளைக்கு இன்னொரு காபி கொண்டா" என்றார்.