நாலு சக்கரமா, ஆறு சக்கரமா?

கடையநல்லூரில் கார் இல்லாதவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. அவன் எங்கே போகிறான் என்று யாரும் கவலைப்படுவதில்லை. கார் வைத்திருப்பவன் டயரில் காற்று இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாலே போதும், நாலு வாசலிலிருந்து “எங்கன போறிய?” என்று கேட்டுவிடும்.

எனக்குச் சொந்தமாகக் கார் கிடையாது. மச்சான் துபாயில் இருக்கிறார். அவருடைய கார் எங்கள் தெருவில் உறை மாட்டிக்கொண்டு நிற்கிறது. ஓட்டாமல் விட்டால் பேட்டரி இறங்கிவிடும் என்று சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். பேட்டரியின் உடல்நலம் கருதி அவ்வப்போது பெட்ரோல் பங்க் வரை போய் வருவேன். இந்தக் குற்றால சீசனில் அதற்குக் கொஞ்சம் சரித்திரமும் காட்டலாமே என்று தோன்றியது. கழுகுமலை.

புளியங்குடி, சங்கரன்கோவில் வழியாக ஐம்பது கிலோமீட்டர் பக்கம் வரும். அங்கே மலைமேல் வெட்டுவான் கோவில் இருக்கிறது. 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. கல் மேல் கல் வைத்துக் கட்டியதல்ல. பாறையைச் சுற்றிப் பள்ளம் தோண்டித் தனியே பிரித்து, உச்சியிலிருந்து கீழே கீழே செதுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். எல்லோராவின் கைலாசநாதர் கோவிலும் இதே முறைதான். விமானமும் அதிலுள்ள சிற்பங்களும் கண்ணைப் பறிக்கும். அடிப்பகுதி மட்டும் முடியவில்லை. அந்த மலையிலேயே இன்னொரு பக்கம் வரிசை வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர்கள், அவர்களுக்குக் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள். அடிவாரத்தில் கழுகாசலமூர்த்தி கோவில். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து பாடியது இந்த முருகன் மீதுதான். காலையில் கிளம்பினால் பொழுது சாயத் திரும்பிவிடலாம். அவ்வளவுதான் திட்டம். அதை மனதுக்குள் வைத்திருக்கலாம். இட்லி சாப்பிடும்போது வாய்விட்டுச் சொன்னேன்.

“கல்லப் பாக்கவா இம்புட்டு பெட்ரோலு?” என்றார் சித்தப்பா. “அருவியில தண்ணி நல்லா விழுதாம்லா. அப்படியே குத்தாலத்துக்கும் போயிட்டு வந்துரலாம்.”

குற்றாலம் எங்கள் ஊருக்குத் தெற்கே இருக்கிறது. கழுகுமலை கிழக்கே. கார் என்று வந்துவிட்டால் எங்கள் வீட்டில் திசைகளுக்கு மரியாதை கிடையாது.

“புளியங்குடியில எலுமிச்சை மலிவா கெடைக்கும், ஊறுகாய்க்கு ஒரு மூட்டை” என்றாள் அத்தை. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்த நாளிலிருந்து மதினி அதை வேறு ஊரில் வாங்குவதில்லை. “கழுகுமலையில இருந்து எட்டிப் பிடிச்சா கோவில்பட்டிதானே தம்பி” என்றாள். எட்டிப் பிடிக்க வேண்டியது இருபது கிலோமீட்டர். சரித்திரத்துக்கு ஆதரவாகப் பேசியது மருமகன் ஒருவன்தான். பூலித்தேவரின் நெற்கட்டும்செவலுக்கும் போக வேண்டும் என்றான். 1755இலேயே கர்னல் ஹெரானை எதிர்த்து நின்ற மண் என்பது காரணமில்லை, அங்கே ரீல்ஸ் எடுக்க வேண்டுமாம்.

ஐந்து பேர் போகலாம் என்று ஆர்.சி. புத்தகத்தில் போட்டிருக்கிறது. புத்தகம் எழுதியவர்கள் எங்கள் குடும்பத்தைப் பார்த்ததில்லை.

“அப்ப நான் பஸ்ஸுல போறேன்” என்றேன். ரயிலும் உண்டு. கடையநல்லூரில் ஏறினால் பாம்பக்கோவில் சந்தை, அதைத் தாண்டினால் சங்கரன்கோவில். ஆனால் கழுகுமலைக்குத் தண்டவாளம் கிடையாது, எப்படியும் பஸ் ஏறித்தான் ஆக வேண்டும்.

பஸ் கட்சிக்கு எதிர்பாராமல் ஒரு ஆதரவு வந்தது, என் வீட்டுக்காரி. 2021 முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அந்த அரசாணையை அவள் மதிக்கிற அளவுக்கு அரசாங்கமே மதித்திருக்காது. முன்னும் பின்னும் பிங்க் அடித்த பஸ்ஸாகப் பார்த்து ஊருக்கு ஊர் இறங்கி ஏறி, பத்துப் பைசா செலவில்லாமல் கழுகுமலை போக ஒரு வழி சொன்னாள். வழி சரிதான். போய்ச் சேர மறுநாள் ஆகும்.

காரா, பஸ்ஸா என்று மத்தியானம் வரை நடந்தது. எங்கள் பக்கத்தில் இப்படிப்பட்ட வழக்குக்கு ஏற்கெனவே ஒரு தீர்ப்பு இருக்கிறது. சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகர்கள் சண்டை போட, கோமதியம்மன் தவமிருக்க, சாமி பாதி சிவனாகவும் பாதி திருமாலாகவும் நின்று காட்டிய ஊர் சங்கரன்கோவில். ஆடித்தபசு அதற்குத்தான். சாமியே பாதிக்குப் பாதி ஒத்துக்கொண்ட இடத்தில் நாம் யார்? மறுநாள் காலை சங்கரன்கோவில் வரை கார், அதற்கு மேல் பஸ் என்று முடிவானது.

புளியங்குடியில் எலுமிச்சை மூட்டை ஏறியது, என் மடியில். சங்கரன்கோவிலில் சாமி கும்பிட்டு, புற்றுமண் வாங்கி, கோவில்பட்டி பஸ்ஸுக்கு நகர்ந்தோம். அது டவுன் பஸ் இல்லை, டிக்கெட் உண்டு என்று தெரிந்ததும் வீட்டுக்காரி காட்டன் சேலைக் கடைப் பக்கம் கட்சி மாறினாள். மற்றவர்கள் முதலிலிருந்தே அந்தக் கட்சிதான்.

தனியாக ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வெளியே செம்மண் போய்க் கரிசல் வந்தது. பஸ்ஸிடம் எனக்குப் பிடித்தது ஒன்றுதான்: அது யார் பேச்சையும் கேட்காது. எந்த அத்தைக்காகவும் எலுமிச்சைக் கடையில் நிற்காது. கண்டக்டரிடம் போய் “அப்படியே குத்தாலம்” என்று சித்தப்பா சொல்லிப் பார்க்கட்டும். காருக்கு ஸ்டியரிங் ஒன்று, திருப்புகிறவர்கள் ஏழெட்டுப் பேர். சரித்திரம் பார்க்கப் போகிறவனுக்குத் தேவை வேகமோ ஏ.சி.யோ அல்ல, பேச்சுவார்த்தைக்கு மடங்காத ஒரு வண்டி.

கழுகுமலையில் இறங்கியதும் வாக்குவாதத்துக்கே அர்த்தமில்லாமல் போனது. கார் ஆனாலும் பஸ் ஆனாலும் அடிவாரத்தோடு சரி. மேலே கால்தான்.

சமணச் சிற்பங்களைச் செய்யக் கொடுத்தவர்களின் பெயர்கள் அங்கே கல்லில் இருக்கின்றன. அவர்களில் தச்சர், குயவர் உண்டு. பற்பல ஊர்களைச் சேர்ந்த குரத்தியர் என்ற சமணப் பெண் ஆசிரியர்களும் உண்டு. பாண்டிய நாட்டு வெயிலில் அந்தக் குரத்தியர் நடந்தே இங்கே வந்திருப்பார்கள். எப்படி முடிந்தது என்று முதலில் வியந்தேன். பிறகு விளங்கியது. துறவிகள். கூடவே கிளம்ப மதினியோ சித்தப்பாவோ இல்லை.

வெட்டுவான் கோவில் விமானத்துக்கு எதிரே நின்றபோது போன் அடித்தது. சித்தப்பா. “நீ பஸ்ஸுலயே வீட்டுக்கு வந்துருடே. பிரியாணி சாப்ட்டாச்சு. நாங்க அப்படியே குத்தாலம் போயிட்டு வாரோம்.”

இந்தக் கோவில் ஏன் பாதியில் நின்றது என்பதற்கு ஊரில் ஒரு கதை சொல்வார்கள். தகப்பனும் மகனுமாக இரண்டு சிற்பிகளுக்குள் போட்டி வந்து, தகப்பன் மகனையே உளியால் கொன்றுவிட்டானாம். எனக்கு அவ்வளவு கொலைவெறி தேவையாகப் படவில்லை. செதுக்கிக்கொண்டிருந்த ஆளை யாரோ ஒரு சித்தப்பா மாட்டுவண்டி பூட்டிவந்து கூப்பிட்டிருக்க வேண்டும்.