அவர்களே!

ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் 1945இல் தோன்றிய தினம் என்ற காரணத்தால் உலக உணவு தினமாக அனுஷ்டிக்கப்படும் அக்டோபர் 16ஆம் தேதியன்று, பவானியாற்றங்கரையில் உள்ள எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில், நான் அங்கத்தினனாக இருக்கும் சேவைச் சங்கத்தார் நடத்திய அன்னதான விழாவில், மேடையின் கடைசி நாற்காலியில் அமர்ந்து, பசியின் கொடுமையைப் பற்றிக் காலை பத்து மணி தொடங்கிப் பிற்பகல் வரையில் கேட்டுவிட்டு வந்தவனுக்கு எழுத்தில் நிதானம் இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். சங்கத்தின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதுமில்லை. இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் ஏதாவது ஒரு சங்கத்துக்கு முன்னாள் தலைவர்களாக இருப்பீர்கள், மீதிப் பேர் வருகிற ஜூலை முதல் தேதியன்று தலைவர்களாவீர்கள்.

பசிப்பிணியை ஒழிப்பதற்கு என்னிடம் சுலபமான, செலவு அதிகமில்லாத யோசனை ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்பாக இந்த 'அவர்களே' விவகாரத்தை ஒரு வழி பண்ணிவிடுகிறேன்.

மேடையில் வீற்றிருந்தவர்கள் பதினொரு பேர். சங்கத் தலைவர், உடனடி முன்னாள் தலைவர், சாசனத் தலைவர், செயலாளர், பொருளாளர், வட்டாரத் தலைவர், மண்டலத் தலைவர், முதல் துணை ஆளுநர், அரிசி கொடுத்த ரைஸ்மில் அதிபர், மண்டபத்தை வாடகையில்லாமல் கொடுத்ததனால் பேசும் உரிமையை வாடகையாகப் பெற்றுக்கொண்ட மண்டபத்துச் சொந்தக்காரர், ஆகக் கடைசியில் நான். ஒவ்வொருவரும் மற்றப் பத்துப் பேரையும் விளித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவது என்றால், விஷயம் என்று ஒன்று இருப்பதாக வைத்துக்கொண்டாலும், நூற்றுப்பத்து 'அவர்களே' ஆகிறது. இது வெறும் பெயரைச் சொல்லிப் போனால் வருகிற கணக்கு. வெறும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தமிழ்நாட்டில் எவன் திரும்பிப் பார்ப்பான்? 'இந்த மாவட்டத்தின் ஈடு இணையற்ற சேவைச் செம்மலும், அள்ளிக் கொடுப்பதில் அழகப்பரையே நினைவூட்டுபவரும், என்மீது தனிப்பட்ட முறையில் அளவு கடந்த அன்பு கொண்டவருமான எங்கள் அண்ணன்' என்று விசேஷணங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டேயிருக்க, அடைத்த ரயில்வே கேட்டின் இந்தப் பக்கம் நின்று கூட்ஸ் வண்டியின் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களைப் போலச் சபையோர் காத்திருந்தார்கள். கடைசிப் பெட்டியில் வந்தது ஒரே ஒரு 'அவர்களே'.

இதிலும் விபத்துகள் உண்டு. ஒருவர் ஏழாவது பெயரில் இருக்கும்போது முன்னாள் ஆளுநர் ஒருவர் வாசலில் பிரவேசித்தார். அவரை உரிய ஸ்தானத்தில் வைக்க வேண்டும் என்ற மரியாதையினால் பேச்சாளர் முதலிலிருந்து ஆரம்பித்தார். மேடையில் பன்னிரண்டாவது நாற்காலி போடப்பட்டவுடன் நூற்றுப்பத்து என்ற கணக்கு நூற்று முப்பத்திரண்டாயிற்று என்பதை நான் விழா அழைப்பிதழின் பின்புறத்தில் பெருக்கிப் பார்த்துக்கொண்டேன். இன்னொருவர் வட்டாரத் தலைவரை மண்டலத் தலைவர் என்று விளித்துவிட்டார். உண்மையான மண்டலத் தலைவர் அடுத்தாற்போல் தம்மை என்ன என்று அழைக்கப் போகிறார்கள் என்று கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். வேறொருவர் எல்லாரையும் சொல்லி முடித்து, பெருமூச்சு விட்டு, 'பசி என்பது' என்று தொடங்கிய மாத்திரத்தில் செயலாளர் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். 'பெயர் விடுபட்டுவிட்டது, மன்னிக்கவும்' என்று பசியை அந்தரத்தில் நிறுத்திவிட்டு மகளிர் அணித் தலைவிக்குப் போனார். பசி அந்தரத்திலேயே நின்றுவிட்டது. அவர் திரும்பி வரவில்லை.

என்னை மூன்று பேர் விட்டுவிட்டார்கள். இந்தச் சம்பிரதாயத்தை இவ்வளவு நிந்திக்கிறவனுக்கு அது ஆறுதலாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? இல்லை. அந்த மூவரும் யார் யார், அவர்களுக்கு நான் எந்தெந்தச் சந்தர்ப்பங்களில் என்னென்ன உபகாரம் செய்திருக்கிறேன் என்று யோசித்ததில், நடுவில் இரண்டு பிரசங்கங்கள் போனதே தெரியவில்லை.

1905ஆம் வருஷம் பிப்ரவரி 23ஆம் தேதி சிகாகோ நகரத்தில் பால் ஹாரிஸ் என்னும் வக்கீல் முதல் ரோட்டரிக் கூட்டத்தைக் கூட்டியபோது இருந்தவர்கள் மொத்தம் நான்கு பேர். ஆளுக்கு மூன்று 'அவர்களே' போட்டிருந்தாலும் பன்னிரண்டோடு முடிந்திருக்கும். முறை வைத்து ஒருவர் அலுவலகத்துக்கு மற்றவர்கள் போய்க் கூடினார்களாம். அலுவலகத்தில் மேடை ஏது, மைக் ஏது? அரிமா சங்கத்தார் வேறொரு நல்ல ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். 'டெயில் ட்விஸ்டர்' என்ற பெயரில் ஓர் உத்தியோகஸ்தர். கூட்டத்தில் அங்கத்தினர்களுக்கு அபராதம் விதிப்பது அவர் தொழில். அவர் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. அவருக்கே அபராதம் போட வேண்டுமானால் வந்திருப்பவர் அத்தனை பேரும் ஒருமனப்பட்டாக வேண்டும். அதைப் பார்த்து எங்கள் சங்கத்திலும் ஒருவரை நியமித்திருக்கிறோம். பேட்ஜ் குத்தாமல் வந்தால் அபராதம், பிறந்த நாளைச் சொல்லாமல் மறைத்தால் அபராதம், புதிதாக ஸ்கூட்டர் வாங்கினால் அபராதம் என்று வசூல் செய்கிற அந்த மனிதர், 'அவர்களே' ஒன்றுக்குப் பத்து ரூபாய் என்று விதித்திருந்தால் அன்றைக்கு ரைஸ்மில் அதிபரின் தயவு வேண்டியிருந்திராது. ஆனால் அன்றைய வரவேற்புரை அவருடையதுதான்.

மேடைக்குப் பின்னால் ஃபிளெக்ஸ். அதில் தலைவருடைய படத்தின் கீழே 'பசிப்பிணி மருத்துவர்' என்று போட்டிருந்தது. சிறுகுடிக் கிழான் பண்ணனை அப்படிப் பாடியவன் சோழன் கிள்ளிவளவன். ஓர் அரசன் ஓர் ஊர்க்காரனைப் பாடினான், புறநானூற்றில் இருக்கிறது. எங்கள் தலைவர் சிமெண்ட் ஏஜென்சி வைத்திருக்கிறார். நல்ல மனிதர், கடன் கொடுப்பார். பாடியது ஃபிளெக்ஸ் கடைக்காரர்.

சமையல் மாஸ்டர் அனுபவஸ்தர். பகல் பந்திக்குத் தயிர்சாதம் கிளறுகிறபோது தயிரைப் பேருக்கு விட்டுப் பாலைத் தாராளமாக ஊற்றிப் பிசைந்தால், பொட்டலம் பிரிக்கிற நேரத்துக்குப் பதமாக உறைந்திருக்கும், புளிக்காது என்ற கணக்கில் விடியற்காலையிலேயே வேலையை முடித்திருந்தார். முதல் துணை ஆளுநர் எழுந்த சமயம் பக்கவாட்டுப் படியருகில் வந்து நின்றுகொண்டு, என்னைப் பார்த்து ரகசியமாகச் சொன்னார்: "ஐயா, பாலு தயிராயிருச்சுங்க. இன்னும் ரெண்டு பேரு பேசுனாங்கன்னா மோராயிருமுங்க."

அதற்குப் பின்னும் நான்கு பேர் பேசினார்கள்.

கீழே முதல் மூன்று வரிசைகளில் பச்சை டோக்கனைக் கையில் பிடித்துக்கொண்டு கிழவர்களும் கிழவிகளும். இயற்கை அழைப்பை உத்தேசித்து நான் மேடையை விட்டு இறங்கியபோது, காதில் தோடு இருந்த துளை மாத்திரம் தொங்கிக்கொண்டிருந்த ஒரு பாட்டி என் வேட்டியைப் பிடித்து நிறுத்தினாள். "ஏஞ் சாமி, இன்னும் எத்தன 'களே' இருக்குதுங்?" என்றாள். மனக்கணக்காக முப்பதுக்குக் குறையாது என்றேன். டோக்கனை முந்தானையில் முடிந்துகொண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

வடலூரில் இராமலிங்க சுவாமிகள் 1867ஆம் வருஷம் மே மாதம் 23ஆம் தேதி மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றுவரையில் அணையவில்லை. ஊரார் எண்பது காணி நிலம் எழுதிக் கொடுத்தார்கள். பசித்து வந்தவனை உட்கார வைத்துப் போடுகிறார்கள். இன்றைக்கு முன்னிலை வகிப்பவர் யார் என்று அங்கே கேட்டு நிற்பதில்லை. 1982 முதல் சத்துணவுக்கூடத்து ஆயாவும் மணி அடித்தால் தட்டில் சோற்றைப் போடுகிறாள். 'மாணவ மணிகளே' என்று ஆரம்பித்தாளானால் பிள்ளைகள் தட்டைத் தரையில் தட்டிவிடும். எங்கள் டோக்கன்காரர்கள் அந்தப் பள்ளிக்கூடங்களில் படித்தவர்கள் அல்ல என்று நினைக்கிறேன்; ரொம்பவும் பொறுமையாக இருந்தார்கள்.

வந்தனோபசாரத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. மைக்செட்காரர் வரையில் நன்றி சொன்னார்கள். தயிர்சாதத்தைக் கிளறியவரை விட்டுவிட்டார்கள்.

என் யோசனையைச் செயற்குழுவில் பிரஸ்தாபிக்கலாம் என்றுதான் மறுவாரக் கூட்டத்துக்குப் போனேன். அங்கே வரவு செலவுக் கணக்கு வாசித்தார்கள். அரிசி இனாம், மண்டபம் இனாம். பால், தயிர், இலை, சமையல் கூலி எல்லாம் சேர்ந்து வந்த தொகையைக் காட்டிலும் சால்வையும் நினைவுப் பரிசும் ஃபிளெக்ஸும் சேர்ந்த தொகை கணிசமாக மேலே நின்றது. அத்தனையும் 'பசிப்பிணி ஒழிப்பு' என்ற ஒரே தலைப்பின் கீழ். சால்வை எந்தப் பசியை ஒழித்தது என்று நான் கேட்டேன். பொருளாளர் சற்றும் தயங்கவில்லை. "அதெல்லாம் கடைசியில ஏழைகளுக்குத்தானுங்க போகுது? நீங்க உங்களுக்குப் போட்டத வீட்டுல வெச்சுக்கிட்டா இருக்கீங்க?" என்றார்.

வாயடைத்துப் போனேன். ஒவ்வொரு விழாச் சால்வையையும் எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மாளிடம்தான் கொடுக்கிறோம். இந்தத் தடவை அந்த அம்மாள் வாங்க மறுத்துவிட்டாள். "போன வருசம் குடுத்ததே பெட்டிக்குள்ள மடிப்புக் கலையாம கெடக்குதுங்க. அடுத்த வாட்டி அரிசி ஏதாச்சும் போத்துனாங்கன்னா வாங்கிட்டு வாங்க" என்றாள்.

செயலாளரிடம் தெரிவித்தேன். எழுத்து மூலமாகக் கொடுத்தால் பொதுக்குழுவில் வைக்கலாம் என்கிறார்.