வெளுக்காத நீலம்

எடப்பாடியில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவன் நான். நல்ல துணியைத் தொட்ட மாத்திரத்தில் தெரியும். அந்த உரிமையில்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புதுச்சேரியின் பிரெஞ்சு வணிகர்களைப் பாராட்ட வருகிறேன்.

ஐயா, என்ன கண் உங்களுக்கு! எங்கள் சோழமண்டலக் கரையில் நெய்து அவுரியில் தோய்த்த நீலத்துணிக்குக் 'கினே' என்று பேரிட்டுச் செனகல் ஆற்றங்கரைக்குக் கப்பலேற்றினீர்கள். அங்கே அந்தத் துணிதான் காசு. பாலைவனத்து மூர்கள் மோந்து பார்த்தே இந்தியச் சரக்கென்று கண்டுகொள்வார்கள். பிரான்சின் ரூவான் நகர ஆலைகள் அதைப்போலவே செய்து பார்த்தும் எடுபடவில்லை. எங்கள் சாயக்காரரின் கைப்பக்குவத்தை உங்களைப்போல் விலையறிந்து மதித்தவர் யார்?

தரத்தில் நீங்கள் வைத்த அக்கறை சாமானியமா! கினேயின் தரம் தளரக்கூடாதென்று 1843இல் பிரான்சிலிருந்து அரசாணையே வந்தது. செனகலில் உங்கள் கொடியின் கீழ் இருந்த அடிமைகளை விடுவிக்கும் ஆணை வந்தது 1848இல். துணியில் ஓர் இழை குறைந்தால் பொறுக்காத மனசு, மனிதர் விஷயத்தில் இன்னும் ஐந்து வருஷம் பொறுத்திருந்தது.

துணிக்கு ஈடாக வேலமரப் பிசின் வாங்கினீர்கள். வெயிலில் முள்ளுக்குள் கைவிட்டு அதைச் சேர்த்தவர்கள் மூர்களின் அடிமைகள். பிசின் ஐரோப்பாவுக்குப் போய்த் துணிக்கு அச்சுப்போட உதவியது. அங்கே அச்சடித்த ஆலைத்துணி எங்கள் சந்தையில் வந்திறங்கிக் கைத்தறியைச் சாய்த்தது. பாவு பிணைப்பதில் கெட்டிக்காரர்கள் எங்கள் ஊரில் ஏராளம். இப்படியொரு முடிச்சு அவர்கள் யாருக்கும் வந்ததில்லை.

1854இல் ஃபெதெர்ப் என்பவர் செனகலின் ஆளுநரானார். பிரான்சின் போர்தோ நகர வணிகர்களுக்கு வேண்டியவர். மறு வருஷமே மூர்களின் டிரார்ஸா நாட்டோடு போர் மூண்டு 1858 வரை நடந்தது. பிசின் வாணிபம் யார் பிடியில் என்பதுதான் வழக்கு. நீங்கள் துப்பாக்கி தொடவில்லை, துணி மட்டுமே அனுப்பினீர்கள். 1968 முதல் அங்கோலாவின் கபிந்தாவில் எண்ணெய் எடுத்த அமெரிக்க நிறுவனமும் அப்படித்தான். போர்ச்சுகல் அங்கே விடுதலைப் போராளிகளைச் சுட்டுக்கொண்டிருந்தபோது, அந்த அரசுக்குப் பணம் மட்டுமே கட்டியது. உங்கள் கைச்சுத்தம் தலைமுறை தாண்டியும் நிற்கிறது.

ஒன்று மட்டும் நெஞ்சை அறுக்கிறது. அந்த நீலத்தை நெய்தவர்கள் செனகல் என்ற பேரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். குழித்தறியில் கால் மரத்துப்போக உட்கார்ந்து, யாரோ பிள்ளைகுட்டிக்காரர் உடுத்துவார் என்று நினைத்துத்தான் ஊடை போட்டிருப்பார்கள்.