இரும்பும் கட்சி மாறும்

கீழூர் என்றதும் புதுச்சேரிக்காரர்களான நமக்கு நினைவுக்கு வருவது ஆகஸ்ட் 16 கொடியேற்றம். வில்லியனூரைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே போனால் நினைவிடம் இருக்கிறது. 1954 அக்டோபர் 18 அன்று அங்கே 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி ஓட்டுப் போட்டார்கள். பிரெஞ்சு ஆட்சியை விட்டு இந்தியாவோடு சேர 170, வேண்டாம் என்று 8. பாடப்புத்தகம் இதை விடுதலை வரலாறு என்கிறது. நான் காந்தப் படலங்களின் இயற்பியல் என்கிறேன். கோபித்துக்கொள்பவர்கள் கடைசிவரை படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளலாம்.

காந்தத்தை ஒளியால் அளக்கும் கதையைப் பாரிசில் தொடங்குவதுதான் மரியாதை. 1808-ல் எத்தியேன் மாலுஸ் என்ற ராணுவ எஞ்சினியர், எதிரே இருந்த லக்சம்பர்க் அரண்மனை ஜன்னலில் பட்டுத் திரும்பிய சாயங்கால வெயிலைப் படிகம் ஒன்றின் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர் ஜன்னலைப் பார்ப்பதற்கு இதைவிட கௌரவமான சாக்கு அதற்கு முன்னும் பின்னும் யாருக்கும் கிடைத்ததில்லை. படிகத்தைத் திருப்பத் திருப்ப வெளிச்சம் மங்கியது, பிறகு தெளிந்தது. பட்டுத் திரும்பும் ஒளி பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிர்கிறது என்று அப்போதுதான் பிடிபட்டது. பாரிஸ் போகப் பஸ் காசு இல்லாதவர்கள் தை மாதத்தில் பாகூர் ஏரிக்கரைக்குப் போகலாம். நாலு மணி வாக்கில் சூரியனைப் பார்த்த பக்கம் நின்று, போலராய்டு கண்ணாடி வழியாகத் தண்ணீரைப் பாருங்கள். கண்ணைக் கூசும் பளபளப்பு அடங்கி, கரையோரத்துப் பாசியும் சேறும் தெரியும். கண்ணாடியைக் கழற்றிக் குறுக்குவாட்டில் பிடித்தால் பளபளப்பு மறுபடி வந்துவிடும்.

அடுத்து வந்தவர் மைக்கேல் ஃபாரடே. 1820-களில் ராயல் சொசைட்டிக்காகத் தொலைநோக்கிக் கண்ணாடி காய்ச்சிக் காய்ச்சிக் களைத்துப்போய் விட்டுவிட்டவர். அப்போது மிஞ்சிய ஈயக் கண்ணாடித் துண்டு ஒன்றை 1845 செப்டம்பர் 13 அன்று மின்காந்தத்தின் பக்கத்தில் வைத்து, அதனுள் ஒளியை விட்டார். அதிர்வுத் தளம் லேசாகத் திரும்பியது. பழைய சாமானைத் தூக்கிப் போடாதே என்று வீட்டில் சண்டை பிடிக்கும் பெரியவர்கள் இந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

பாதிரியாருக்குப் படித்துவிட்டு கிளாஸ்கோவில் கணக்கு வாத்தியாரான ஜான் கெர், 1876-ல் காந்த முனையையே கண்ணாடிபோல மெருகேற்றி, அதில் ஒளியைப் பட்டுத் திரும்பவைத்தார். அப்போதும் தளம் திரும்பியது. எவ்வளவு? இரும்பில்கூட ஒரு பாகைக்குள்தான். இத்தனூண்டு திருப்பத்துக்குப் பெயர் கெர் விளைவு. நம்மாளும் சும்மா இருக்கவில்லை. வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன், கல்கத்தாவில் சி.வி. ராமனோடு சேர்ந்து பென்சீன் மாதிரி திரவங்கள் காந்தத்துக்குள் ஒளியை என்ன பாடுபடுத்துகின்றன என்று ஆராய்ந்து, 1927-ல் அதைப் பாரிஸ் அகாதெமியின் ஏட்டிலேயே வெளியிட்டார். பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது நாம். பிரெஞ்சில் கட்டுரை போட்டது பிரிட்டிஷ் இந்தியாக்காரர்.

1985-ல் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் மூக், பேடர் இருவரும் தங்கப் படிகத்தின் மேல் சில அணு அடுக்கு கனத்துக்கு மட்டும் இரும்பைப் படலமாகப் படியவைத்து, கெர் விளைவை வைத்தே அதன் காந்தத்தை அளந்தார்கள். இனித்தான் கீழூர் வருகிறது.

காந்தப் படலம் ஒன்றை ஒரு திசையில் காந்தமாக்கிவிட்டு, வெளிக் காந்தப்புலத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். புலம் பூஜ்யமானாலும் படலம் பழைய கட்சியிலேயே இருக்கும். எதிர்த்திசையில் தள்ளினாலும் கொஞ்ச தூரம் அசையாது. ஒரு கட்டத்தில் சட்டென்று மொத்தமும் புரண்டுவிடும். கீழூர்க் கதையும் இதேதான். 1947-ல் வெள்ளைக்காரன் போனதோடு சுற்றிலும் திசை மாறிவிட்டது. சந்திரநாகூர் 1949-லேயே ஓட்டுப் போட்டுப் புரண்டது. வில்லியனூர்த் தேருக்கு வடம் பிடித்த பிரெஞ்சு கவர்னர்களின் புதுச்சேரி மட்டும் 1954 வரை அப்படியே கிடந்து, பிறகு ஒரே நாளில் 170. நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. 1956 மே மாதம் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றமோ அல்ஜீரிய விவகாரம் முடியும்வரை அதைத் தொடவே இல்லை. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16-ல்தான் வந்தது. ஏறக்குறைய எட்டு வருஷம். எதிர்த்து ஓட்டுப் போட்டவர் தலைக்கு ஒரு வருஷம் என்று பாரிசில் யாராவது கணக்குப் போட்டார்களோ என்னவோ.

அந்த எட்டுப் பேரைப் பற்றி ஊரில் யாரும் நல்லவிதமாகப் பேசிக் கேட்டதில்லை. படலத்திலும் எல்லாம் புரண்ட பிறகு சில புள்ளிகள் ஏதோ ஒரு குறைபாட்டைப் பிடித்துக்கொண்டு பழைய திசையிலேயே நிற்பதுண்டு. இயற்பியல்காரர்கள் அவற்றைத் திட்டுவதில்லை. கெர் நுண்ணோக்கியில் படம் பிடித்து, ஏன் புரளவில்லை என்று இருநூறு பக்கம் எழுதி, டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.